சிவகாசி வெடி விபத்துகள்: மனவடுவும் மதுப்பழக்கமும்

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரம் இந்தியாவின் பட்டாசு உற்பத்தியில் பெரும்பங்கு வகிக்கிறது. இத்தொழிலின் வரலாற்றோடு வெடி விபத்துகளின் வரலாறும் பின்னிக் கிடக்கிறது. ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் இறந்தவர்கள் எத்தனை பேர், தீக்காயம் அடைந்தவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எடுக்கப்படுகிறது. உடல் தேறி வீடு திரும்பிய பிறகு தூக்கமின்மை, திடுக்கிடல், குற்ற உணர்வு, அடக்க முடியாத கோபம் ஆகியவற்றோடு வாழ்பவர்கள் அந்தக் கணக்கில் வருவது அரிது. அவர்களில் சிலர் அந்த நிலையைத் தணிக்க மதுவை நாடும்போது, குடும்பமும் ஊரும் குடியை மட்டுமே பார்க்கின்றன. அதற்கு முன்பு நிகழ்ந்தது பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது.

மனவடுவும் போதைப் பழக்கமும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கும்போது அவற்றைச் சேர்த்தே கவனிக்க வேண்டும் என்பது இன்றைய உளமருத்துவத்தில் வலுப்பெற்ற கருத்து. இந்தக் கருத்துக்கு வந்து சேர மருத்துவத்துக்கும் சட்டத்துக்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு ஆனது. சிவகாசியில் ஆலைத் தொழில் தோன்றி வளர்ந்ததும் அதே நூற்றாண்டில்தான்.

தொழிலின் தோற்றம்

மழை குறைந்த, வறண்ட கரிசல் பகுதி சிவகாசி. வேளாண்மையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத நிலையில், 1922ஆம் ஆண்டு ப. அய்ய நாடார், அ. சண்முக நாடார் என்ற உறவினர் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். 1923 முதல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940களின் தொடக்கத்தில், பட்டாசு ஆலைகள் உருவாயின. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் வண்ணச் சீட்டுகளின் தேவையால் அச்சுத் தொழிலும் வளர்ந்தது. மூன்று தொழில்களும் சேர்ந்து இவ்வூருக்குக் 'குட்டி ஜப்பான்' என்ற பட்டப்பெயரைப் பெற்றுத் தந்தன.

பட்டாசு செய்ய ஏற்ற வறண்ட வானிலையே ஆபத்துக்கும் காரணமாகிறது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் போன்றவற்றைக் கலந்து செய்யும் கலவையைத் தொழிலாளர்கள் 'மருந்து' என்பர். மருந்து கலத்தல், அதைக் குழாயில் செலுத்துதல், திரி வைத்தல், வெயிலில் உலர்த்துதல், பெட்டியில் அடுக்குதல் எனப் பல நிலைகளில் வேலை நடக்கிறது. இவற்றில் மருந்து கலப்பதும் செலுத்துவதும் மிக ஆபத்தானவை. சிறு உராய்வு, கடும் வெயில், முந்தைய நாள் மீந்த கலவை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே தீப்பற்றப் போதும். உரிமம் பெற்றவர் ஆலையின் அறைகளைப் பிறருக்குச் சட்டவிரோதமாக உள்குத்தகைக்கு விடுவதும், ஓர் அறையில் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை அமர்த்துவதும் விபத்துகளுக்குக் காரணங்களாகப் பலமுறை சுட்டப்பட்டுள்ளன.

விபத்துகளும் அவற்றைப் பார்த்தவர்களும்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். முதல் வெடிப்புக்குப் பிறகு உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்துக் கிராம மக்கள் பலர் அடுத்தடுத்த வெடிப்புகளில் சிக்கினர். 2016 அக்டோபர் 20 அன்று நகருக்குள் பட்டாசுகளை வண்டியில் ஏற்றும்போது பிடித்த தீயின் புகை அருகிலிருந்த ஸ்கேன் மையத்துக்குள் பரவியது. அங்கிருந்தவர்கள் மூச்சுத்திணறி இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் வட்டாரத்து அச்சங்குளத்தில் நடந்த விபத்து 20க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி எனப் பட்டியல் நீள்கிறது.

ஒரு விபத்தால் பாதிக்கப்படுவோர் ஆலைக்குள் இருந்தவர்கள் மட்டுமல்லர் என்பதை முதலிப்பட்டியும் ஸ்கேன் மையமும் காட்டுகின்றன. அடுத்த அறையில் வேலை செய்து தப்பியவர், அன்று விடுப்பு எடுத்ததால் பிழைத்தவர், கருகிய உடல்களைத் தூக்கியவர், தீயணைப்பு வீரர், ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பிணவறையில் துணித்துண்டையோ கொலுசையோ வைத்து உறவினரை அடையாளம் காட்ட நேர்ந்தவர் எனப் பலர் உண்டு. இவர்களில் பலரின் உடலில் ஒரு கீறலும் இருக்காது.

காயத்தை அளந்த சட்டம்

சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கிய அதே 1923ஆம் ஆண்டில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. வேலையில் ஏற்படும் காயத்துக்கு முதலாளி பொறுப்பு என்பதை இந்தியத் தொழிலாளர்களுக்கு உறுதி செய்த முக்கியச் சட்டம் இது. அதன் முதல் அட்டவணை உடலுறுப்புகளின் இழப்பைச் சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு குறைகிறது என்று வரிசைப்படுத்தியது. கை, கால், கண், விரல், விரலின் கணு எனப் பட்டியல் சென்றது. அச்சத்துக்கும் தூக்கமின்மைக்கும் அதில் வரிசை எண் இருக்கவில்லை.

மதுவைப் பற்றி அதே சட்டம் ஒரிடத்தில் பேசியது. விபத்து நேரத்தில் தொழிலாளி மதுவின் அல்லது போதைப்பொருளின் பிடியில் இருந்து, அதுவே விபத்துக்கு நேரடிக் காரணமாக இருந்தால், மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்படாத நிலையில் முதலாளி இழப்பீடு தர வேண்டியதில்லை என்பது அந்தப் பிரிவு. வெடிமருந்து ஆலையில் குடித்துவிட்டு வேலை செய்வது எல்லோர் உயிருக்கும் ஆபத்து என்பதால் இந்த விதிக்கு நியாயம் உண்டு. ஆனால் விபத்துக்குப் பின் தொடங்கும் அல்லது அதிகரிக்கும் குடியைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. மது இழப்பீட்டை மறுக்கும் காரணமாகச் சட்டத்தில் இடம்பெற்றது. விபத்தின் விளைவாக இடம்பெறவில்லை.

பிற்காலத் தீர்ப்புகள் பாதுகாப்பை விரிவாக்கின. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் குறித்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், பெரியவர், சிறுவர் இரு தரப்புத் தொழிலாளர்களுக்கும் 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1996 டிசம்பர் 10 தீர்ப்பில், விதியை மீறி வேலைக்கு வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அச்சங்குளம் விபத்துக்குப் பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 20 லட்சம் ரூபாய் என்றும், பிழைத்தவர்களுக்குத் தீக்காயத்தின் விழுக்காட்டுக்கு ஏற்ப என்றும் இழப்பீட்டை வகுத்தது. தொகை பெருமளவு உயர்ந்தது. அளவுகோல் தோலின் பரப்பாகவே இருந்தது.

மனவடு என்ற கருத்து

உடலில் காயம் இல்லாமலே விபத்து ஒருவரை முடக்க முடியும் என்ற எண்ணம் தொழிற்புரட்சியோடு எழுந்தது. 1866இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஜான் எரிக் எரிக்சன், ரயில் விபத்துகளில் வெளிக்காயமின்றித் தப்பியவர்களுக்கு ஏற்பட்ட நடுக்கத்தையும் தூக்கக் கேட்டையும் பற்றி எழுதினார். தண்டுவடம் அதிர்ந்ததே காரணம் என்று அவர் கருதினார். முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளுக்கிடையே இருந்த படைவீரர்களின் நிலையை 1915இல் சார்லஸ் மையர்ஸ் 'குண்டு அதிர்ச்சி' என்ற பெயரால் மருத்துவ இதழில் விவரித்தார். கோழைத்தனம் என்று தண்டிக்கப்பட்ட ஒன்று மெல்ல மெல்ல நோயாகப் பார்க்கப்பட்டது.

சிவகாசியின் அனுபவத்துக்கு மிக நெருக்கமானது 1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கோக்கனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதியில் நடந்த தீ விபத்து. அதில் 492 பேர் இறந்தனர். தப்பியவர்களை ஆராய்ந்த அலெக்சாண்ட்ரா ஆட்லர், தீப்புண் ஆறிய பிறகும் பலரிடம் அச்சமும் தூக்கமின்மையும் கெட்ட கனவுகளும் குற்ற உணர்வும் நீடிப்பதைக் கண்டார். உறவினரை இழந்தவர்களை ஆராய்ந்த எரிக் லிண்டமன் 1944இல் வெளியிட்ட கட்டுரை துயரத்தைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் முன்னோடியாயிற்று. வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கையேட்டில் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு தனி நோயாக இடம்பெற்றது. ஆங்கிலச் சுருக்கத்தில் இது பி.டி.எஸ்.டி. எனப்படுகிறது.

தமிழில் இக்கருத்தைப் பரவச் செய்ததில் யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. போரால் பாதிக்கப்பட்ட தமிழர்களிடையே பணியாற்றிய அவர், தனிமனிதருக்கு மட்டுமல்லாமல் குடும்பத்துக்கும் ஊருக்கும் கூட்டாக வடு ஏற்படுகிறது என்பதை வலியுறுத்தினார். வடு என்ற சொல் இந்நிலைக்குப் பொருந்துகிறது. புண் ஆறிவிட்டது போலத் தெரியும், தொட்டால் வலிக்கும்.

இந்தியாவில் 1984 போபால் விஷவாயுக் கசிவு திருப்புமுனையாக அமைந்தது. அதன் பின் 1985இல் பொது மருத்துவர்களுக்கு மனநலப் பயிற்சி அளிக்கப்பட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் குழுக்கள் தமிழகக் கடலோரத்தில் ஆசிரியர்களையும் ஊர்த் தன்னார்வலர்களையும் இதே பணிக்குப் பழக்கின. ஒரே நாளில் பல்லாயிரம் பேரைத் தாக்கிய பேரிடர்களுக்குக் கிடைத்த இந்தக் கவனம், ஆண்டுதோறும் சில உயிர்களாகப் பறிபோகும் தொழில் விபத்துகளுக்கு அந்த அளவு கிடைக்கவில்லை.

மது: குற்றம், வருவாய், நோய்

தமிழகத்தில் மதுவின் வரலாறு வேறு தடத்தில் சென்றது. 1937இல் ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. 1971இல் மு. கருணாநிதி ஆட்சியில் தளர்த்தப்பட்டு, 1974க்குள் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி கடைகள் திறக்கப்பட்டன. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றியது. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. குடிப்பவர் சில காலம் குற்றவாளியாகவும் சில காலம் அரசு வருவாய்க்கு உதவுபவராகவும் இருந்தார்.

குடியடிமை நிலை ஒரு நோய் என்ற பார்வை இவ்விரண்டுக்கும் வெளியே வளர்ந்தது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளர் தோழமை அமைப்பு 1957இல் இந்தியாவுக்கு வந்தது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் முறையைத் தமிழகத்தில் நிலைநாட்டியது. கிராமத்திலேயே முகாம் நடத்தி, ஊரார் துணையோடு சிகிச்சை தரும் முறையையும் அது உருவாக்கியது. இப்பணிக்காக அவருக்கு 1992இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இரண்டும் ஒன்றாகும் இடம்

அமெரிக்க உளமருத்துவர் எட்வர்ட் கான்ட்சியன் 1985இல் வெளியிட்ட கட்டுரை இரு தடங்களையும் இணைத்தது. போதைக்கு அடிமையானவர்கள் இன்பத்தைத் தேடுவதைவிடத் தாங்க முடியாத உணர்ச்சிகளிலிருந்து விடுபடவே முயல்கின்றனர் என்பது அவர் வாதம். ஒருவர் தமக்குத் தாமே மருந்து கொடுத்துக்கொள்வது போன்றது இது. எல்லா அடிமைப் பழக்கங்களையும் இது விளக்கிவிடாது. மரபு, பழக்கச் சூழல், எளிதில் கிடைப்பது ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. ஆயினும் மனவடு உள்ளவர்களின் குடியைப் புரிந்துகொள்ள இக்கருத்து பெரிதும் உதவுகிறது.

பேரதிர்ச்சிக்கு உள்ளானவரின் உடல் எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து விழித்திருக்கிறது. மது அந்த விழிப்பைச் சில மணி நேரம் தணிக்கும். தூக்கமும் விரைவில் வரும். மது உடலிலிருந்து வெளியேறத் தொடங்கியதும் அடக்கப்பட்டிருந்த விழிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பும். பின்னிரவில் தூக்கம் கலைகிறது, கனவுகள் கடுமையாகின்றன, காலையில் காரணமற்ற பதற்றம் எழுகிறது. அதைத் தணிக்க மறுபடியும் மது தேவைப்படுகிறது. நாளடைவில் அளவு கூடுகிறது. அச்சத்தால் குடித்தவர், குடியால் அச்சம் பெருகும் நிலைக்கு வருகிறார். தீக்காயம்பட்டவருக்கு வடுவின் அரிப்பு, தோல் இறுக்கம், வியர்க்க இயலாத தோலால் வெயிலைத் தாங்க முடியாமை ஆகியவையும் இச்சுழலில் சேர்கின்றன.

இதில் உடனடி மருத்துவ ஆபத்தும் உண்டு. தொடர்ந்து அதிகமாகக் குடித்து வந்தவர் விபத்தில் காயமுற்று மருத்துவமனையில் சேரும்போது, அன்றே அவர் குடி திடீரென நின்றுவிடுகிறது. முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பும், இரண்டு முதல் நான்கு நாள்களில் கடும் குழப்பமும் நடுக்கமும் இல்லாதது தெரிவதும் ஏற்படலாம். இது உயிருக்கு ஆபத்தானது. தீக்காயத்தால் வந்த காய்ச்சலின் பிதற்றல் என்று தவறாக எண்ணப்படவும் கூடும். உரிய மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் தந்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். இழப்பீடு கைவிட்டுப் போகும் என்றோ, மானக்கேடு என்றோ அஞ்சிக் குடும்பத்தார் குடியை மறைத்தால் மருத்துவருக்கு இது தெரிய வழியில்லை. நோயாளியின் குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மட்டுமாவது தெளிவாகச் சொல்வது அவர் உயிரைக் காக்கும். வீட்டில் இருப்பவரும் பல ஆண்டுக் கடுங்குடியை மருத்துவர் துணையின்றி ஒரே நாளில் நிறுத்தக் கூடாது.

சிவகாசிக்கே உரிய சிக்கல்

போரிலிருந்து திரும்பும் வீரர் போர்க்களத்தை விட்டு வந்துவிடுகிறார். சிவகாசித் தொழிலாளியால் அப்படி விலக முடிவதில்லை. அச்சத்தைக் கிளறும் மருந்து நெடியும் வெடிச்சத்தமுமே அவருக்குச் சோறு போடுகின்றன. ஆலை வண்டி காலையில் தெருமுனைக்கு வரும். ஏறாவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆலையை விட்டாலும் சத்தம் விடாது. தீபாவளி, கோயில் பொங்கல் விழா, தேர்தல் வெற்றி, இறுதி ஊர்வலம் என எல்லாவற்றிலும் வேட்டு உண்டு.

அச்சம் தருவதைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவது உளச்சிகிச்சையின் ஒரு முறை. தினமும் ஆலைக்குப் போவதே அச்சத்தைப் போக்கிவிடும் என்று இதைத் தவறாகக் கொள்ளக் கூடாது. சிகிச்சையில் ஆபத்து இல்லாத இடமும், வேகத்தை முடிவு செய்யும் உரிமையும், உடனிருக்கும் ஒருவரும் உண்டு. ஆலையில் ஆபத்து உண்மையாகவே இருக்கிறது. அங்கே எச்சரிக்கையாக இருப்பது நோயின் அறிகுறி ஆகாது.

பணச் சூழலும் குடிக்கு இடம் தருகிறது. பெரும்பாலும் வாரக் கூலியாகவும், உருப்படிக் கணக்கிலும் ஊதியம் கிடைக்கிறது. ஒரு விபத்துக்குப் பிறகு ஆய்வுகள் நடக்கும்போது பல ஆலைகள் மூடப்படும். விபத்தில் சிக்காதவருக்கும் வேலை போகும். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்த பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. துயரமும் வேலையற்ற பொழுதும் கடனும் ஒன்றாகச் சேரும் காலம் அது. அடுத்த ஊரில் மீண்டும் ஒரு விபத்து நடந்தால் பழைய வடு கிளறப்படுகிறது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு, மீண்டும் மீண்டும் நிகழும் அல்லது நெடுநாள் நீடிக்கும் அதிர்ச்சிகளின் விளைவைச் சிக்கலான மனவடு நோய் எனத் தனியே பிரிக்கிறது. உணர்ச்சிகளைக் கட்டுக்குள் வைக்க இயலாமை அதன் முக்கிய அடையாளங்களில் ஒன்று.

'முதலில் குடியை நிறுத்து' என்ற நிலையின் மாற்றம்

நெடுங்காலம் இரு நோய்களுக்கும் இரு வாசல்கள் இருந்தன. குடிநோய் மையம் கடந்தகால அதிர்ச்சியைப் பேச வேண்டாம், குடி திரும்பிவிடும் என்றது. மனநல மருத்துவமனை முதலில் குடியை நிறுத்திவிட்டு வரச் சொன்னது. குடியை நிறுத்தியதும் அடங்கியிருந்த நினைவுகள் எழுந்தன. அவற்றைத் தாங்க முடியாமல் மீண்டும் குடித்தவர், மன உறுதி அற்றவர் என்று பெயர் வாங்கினார்.

இதை மாற்றிய முயற்சிகள் சில உள்ளன. ஜூடித் ஹெர்மன் 1992இல் எழுதிய நூலில் மீட்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்: முதலில் பாதுகாப்பு, அடுத்து நினைவுகூர்ந்து துக்கப்படுதல், பின்னர் வாழ்க்கையோடு மீண்டும் இணைதல். லிசா நஜாவிட்ஸ் 2002இல் வெளியிட்ட சிகிச்சைக் கையேடு மனவடுவுக்கும் போதைக்கும் ஒருங்கே உரியது. அதன் 25 பாடங்களும் நடந்ததை விவரிக்கச் சொல்வதில்லை. இன்றைய நாளைப் பாதுகாப்பாகக் கடக்கும் திறன்களைக் கற்பிக்கின்றன. 2012இல் ஆஸ்திரேலியாவில் கேத்ரின் மில்ஸ் குழுவினர் 103 பேரிடம் நடத்திய ஆய்வு, இரண்டுக்கும் ஒரே காலத்தில் சிகிச்சை அளித்தால் மனவடுவின் கடுமை குறைகிறது என்றும், போதைப் பழக்கம் அதனால் மோசமாவதில்லை என்றும் காட்டியது.

உணர்ச்சிகளைக் கையாளுதல்

இவ்வாறு வளர்ந்த சிகிச்சை முறைகளில் சில எளிய பயிற்சிகள் பொதுவாக இடம்பெறுகின்றன. அவை மருத்துவத்துக்கு மாற்று ஆகா. மருத்துவத்தோடு சேர்ந்து பயன் தருபவை.

முதலாவது, உணர்ச்சிக்குப் பெயரிடுதல். 'மனசு சரியில்லை' என்பதற்குள் அச்சம், குற்ற உணர்வு, கோபம், துக்கம், வெறுமை என வெவ்வேறு உணர்ச்சிகள் மறைந்திருக்கும். வீட்டில் எரிந்துவிழும் ஒருவரின் கோபத்துக்கு அடியில் 'அவளை நான் இழுத்து வந்திருக்கலாமே' என்ற குற்ற உணர்வு இருக்கலாம். கோபத்துக்கு ஒரு வழியும் குற்ற உணர்வுக்கு வேறு வழியும் தேவைப்படுகின்றன.

இரண்டாவது, நிகழ்காலத்துக்குத் திரும்புதல். திடீர் வெடிச்சத்தத்தில் மனம் விபத்து நாளுக்குப் போய்விடும்போது, கண்களைத் திறந்து வைத்து, பாதத்தைத் தரையில் ஊன்றி, எதிரே காணும் ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லலாம். குளிர்ந்த நீரில் கையை நனைக்கலாம். இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லலாம். கண்ணை மூடி உடலைக் கவனிக்கும் தியானம் தீக்காயம்பட்ட சிலருக்குப் பதற்றத்தைக் கூட்டும். அவர்களுக்குக் கண்திறந்த பயிற்சியே ஏற்றது.

மூன்றாவது, குடிக்கும் வேட்கையை ஓர் அலையாகப் பார்த்தல். உளவியலாளர் ஆலன் மார்லாட் வளர்த்த முறை இது. வேட்கை எழும், உச்சம் தொடும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானே தணியும். அதுவரை இடத்தை மாற்றுதல், ஒருவரிடம் பேசுதல், சாப்பிடுதல் போன்றவை உதவும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கில் எது இப்போது இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது குடிநோயாளர் தோழமைக் குழுக்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கம். வேலை முடிந்து வெறும் வயிற்றோடு, கையில் வாரக் கூலியோடு கடையைக் கடப்பவரிடம் இந்த நான்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும். கூலி வாங்கும் நாளில் துணைக்கு ஒருவரோடு வருவதும், முதலில் உணவு உண்பதும், வேறு வழியில் வீடு திரும்புவதும் இதனால்தான் பயனுள்ளவை.

நான்காவது, தெரிந்த நாள்களுக்கு முன்கூட்டியே ஆயத்தமாதல். தீபாவளியும் விபத்தின் நினைவு நாளும் நாட்காட்டியில் உள்ளவை. அந்நாள்களில் எங்கே தங்குவது, யாருடன் இருப்பது, இரவு தூக்கம் வராவிட்டால் யாரை அழைப்பது என்பதை முன்பே முடிவு செய்யலாம். ஊருக்கு வெளியே உறவினர் வீட்டில் தங்குவதைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டியதில்லை.

ஐந்தாவது, சறுக்கலைத் தோல்வியாகக் கொள்ளாமை. ஒருமுறை குடித்துவிட்டால் எல்லாம் போயிற்று என்ற அவமானமே அடுத்த முறை குடிக்கத் தூண்டுகிறது. எந்த உணர்ச்சிக்குப் பின் அது நிகழ்ந்தது என்று பார்த்தால் அடுத்த முறைக்கு ஒரு பாடம் கிடைக்கும்.

குடும்பமும் ஊரும்

அதே விபத்தில் மகளை இழந்த தந்தை குடிக்கும்போது, அதே மகளை இழந்த தாய் அவரையும் சுமக்கிறார். குடியைக் காரணம் காட்டி வீட்டில் நடக்கும் வன்முறையை மனவடு நியாயப்படுத்தாது. பெண்களின் மனவடு குடியாக வெளிப்படாமல், தலைவலி, நெஞ்சு படபடப்பு, வலி மாத்திரையையும் தூக்க மாத்திரையையும் விடாமல் நாடுதல் என வெளிப்படலாம். அதையும் கவனிக்க வேண்டும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் போன்ற தோழமைக் குழுக்கள் தனியே உள்ளன.

ஊர் செய்யக்கூடியவையும் உண்டு. துக்க வீட்டில் மது வாங்கித் தந்து ஆறுதல் சொல்லும் வழக்கத்தைக் கைவிடலாம். விபத்தைப் பற்றி மீண்டும் மீண்டும் விவரிக்கச் சொல்லி நச்சரிக்காமல், பேச விரும்பும்போது கேட்கலாம். இழப்பீட்டு விண்ணப்பம், மருத்துவமனைப் பயணம், பிள்ளைகளின் பள்ளி போன்ற நடைமுறை உதவிகள் மனத்தின் சுமையையும் குறைக்கின்றன.

உதவி கிடைக்கும் இடங்கள்

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்தது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்றது. ஒரே சட்டம் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தது குறிப்பிடத்தக்க மாற்றம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவுகள் செயல்படுகின்றன. 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. கடுமையான தீக்காயங்களுக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை நம்பியிருந்த மாவட்டத்துக்கு இது அருகில் கிடைத்த வசதி. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்ற எண்ணும், தமிழக அரசின் மருத்துவ உதவிக்கு 104 என்ற எண்ணும் உள்ளன. தற்கொலை எண்ணம் எழும்போது காத்திராமல் உடனே இவற்றை நாட வேண்டும்.

மதிப்பீடு

1923இன் அட்டவணை முதல் 2021இன் தீக்காய விழுக்காடு வரை, சிவகாசி விபத்துகளின் பாதிப்பு உடலைக் கொண்டே அளக்கப்பட்டது. மதுவின் கணக்கு வேறு ஏட்டில் எழுதப்பட்டது. இரண்டு ஏடுகளிலும் ஒரே மனிதரின் பெயர் இருந்ததை உளமருத்துவம் 1980களுக்குப் பிறகே தெளிவாகக் கண்டது. விபத்தைத் தடுப்பதே முதல் தேவை. ஆலையில் பாதுகாப்பு இல்லாமல் எந்த மனப்பயிற்சியும் முழுப் பயன் தராது. விபத்து நடந்துவிட்ட பிறகு, பிழைத்தவரைப் பார்க்க வரும் குழுவில் தீக்காய மருத்துவரோடு மனநல ஆலோசகர் ஒருவரும் இருப்பதும், தூக்கம் எப்படி, குடி எப்படி என்ற இரண்டு கேள்விகளையும் குற்றம் சாட்டாத குரலில் ஒன்றாகக் கேட்பதும் செய்யக்கூடிய செயல்களே. ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்கு மீண்டும் சென்று அதே கேள்விகளைக் கேட்பதும் அவ்வளவே தேவையானது. மற்றவர்கள் மறந்துவிட்ட அந்தக் காலத்தில்தான் குடி பெரும்பாலும் வேரூன்றுகிறது.